நட்ட குச்சி நேரம் காட்டாது

ஒரு குச்சியைத் தரையில் செங்குத்தாக நட வேண்டும். மணிக்கு ஒரு முறை அதன் நிழல் விழும் இடத்தில் ஒரு கல்லை வைக்க வேண்டும். மாலைக்குள் சூரியக் கடிகாரம் தயார். பிள்ளைகளுக்கு இப்படித்தான் பெரும்பாலும் சொல்லித்தருகிறார்கள். அந்தக் கடிகாரம் மறுநாள் சரியாகக் காட்டும், அடுத்த சில நாட்களும் பெரிதாகத் தவறாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கல் ஓரிடத்தில் இருக்கும், நிழல் வேறெங்கோ விழும். "சூரியக் கடிகாரம் என்றாலே உத்தேசம்தான்" என்ற எண்ணம் பலர் மனத்தில் பதிந்தது இப்படித்தான். இதில் நிழலின் குற்றம் ஒன்றும் இல்லை. கம்பி நிற்கும் திசைதான் தவறு.

பிழை எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரியில் ஓர் இடம் என்று வைத்துக்கொள்வோம். சூரியக் கணக்கில் காலை 9 மணி. மார்ச் 21ஆம் தேதியை ஒட்டி, அந்நேரத்துச் சூரியன் வடக்கிலிருந்து கிழக்காக அளந்தால் 101 டிகிரியில் நிற்கும். ஜூன் 21இல் 68 டிகிரியில், டிசம்பர் 21இல் 128 டிகிரியில். நிழல் இதற்கு நேர் எதிரே விழும். ஆக, அதே குச்சி, அதே 9 மணி, ஆனால் ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையே நிழலின் திசை 60 டிகிரி மாறிவிடுகிறது. வெப்பமண்டலத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஆண்டில் இரண்டு நாட்கள் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நடுப்பகலில் குச்சிக்கு நிழலே இருக்காது. அந்த இரண்டு நாட்களுக்கு இடைப்பட்ட காலத்தில் நடுப்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே விழும்.

செங்குத்துக் குச்சி வீணான கருவி என்று சொல்லவில்லை. உண்மையான வடக்கைக் கண்டுபிடிக்கவும், நடுப்பகல் எப்போது என்று அறியவும், நடுப்பகல் நிழலின் நீளத்திலிருந்து அட்சரேகையைக் கணக்கிடவும் அதைவிட எளிய கருவி கிடையாது. பழைய இந்திய வானியல் நூலான சூரிய சித்தாந்தம் 12 அங்குல உயரச் சங்கு (நிழல் பார்க்க நடும் குச்சி) ஒன்றை வைத்துக்கொண்டு திசை, அட்சரேகை, நேரம் எல்லாவற்றையும் கணக்கிடுகிறது. ஆனால் அங்கே நிழலோடு அன்றைய சூரியனின் இருப்பிடமும் கணக்கில் சேர்கிறது. கணக்குப் போடாமல், கோட்டைப் பார்த்ததும் மணி தெரிய வேண்டும் என்றால் கம்பியைச் சாய்க்க வேண்டும்.

எப்படிச் சாய்ப்பது? பூமி சுழலும் அச்சுக்கு இணையாக. வட அரைக்கோளத்தில் கம்பி நேர் வடக்கே பார்க்க வேண்டும். தரைமட்டத்திலிருந்து அந்த இடத்தின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். 11 டிகிரி அட்சரேகை என்றால் கம்பியின் ஏற்றமும் 11 டிகிரி. தென் அரைக்கோளத்தில் அதே கம்பி தெற்கே பார்க்கும். அப்படி வைத்தால், சூரியன் ஒரு நாளில் கம்பியைச் சுற்றி மணிக்கு 15 டிகிரி வீதம் ஒரே சீராக நகர்வதுபோல் ஆகிவிடும். பருவம் மாறும்போது சூரியன் கம்பியின் நீளவாக்கில்தான் மேலும் கீழும் போகிறது. அதனால் கம்பியின் நிழல் நீளலாம், குறுகலாம், நழுவலாம். ஆனால் ஒரு மணிக்குரிய நிழல் ஜனவரியிலும் ஜூலையிலும் ஒரே கோட்டின் மேல்தான் விழும். இவ்வளவு எளிதாகத் தோன்றும் இந்த யோசனை வரலாற்றில் தாமதமாகத்தான் பரவியது. டமாஸ்கஸின் உமையா பள்ளிவாசலுக்காக வானியலாளர் இப்னு அல்ஷாதிர் 1371இல் செய்த கடிகாரத்தில் அச்சுக்கு இணையான முள் (நிழல் போடும் கம்பி) இருக்கிறது. அதற்கு முந்தைய கிரேக்க, ரோமானியக் கடிகாரங்கள் பெரும்பாலும் முள்ளின் நுனி நிழலைப் பின்தொடர்ந்தன. பகல் நீண்டாலும் குறுகினாலும் அதைப் பன்னிரண்டாகப் பிரித்தன. சம அளவு மணிநேரத்துக்கு மக்கள் பழகிய பிறகுதான் சாய்ந்த முள்ளின் அருமை முழுதாகத் தெரிந்தது.

தட்டைக் கடிகாரம் ஏன் எல்லா இடத்துக்கும் பொருந்தாது

சூரியக் கடிகாரம் என்றதும் கண்முன் வருவது படுக்கை வட்டத் தட்டும் அதன் நடுவே முக்கோண முள்ளும்தான். பூமத்திய ரேகையிலிருந்து தள்ளி, 40, 50 டிகிரி அட்சரேகைகளில் அது அருமையான வடிவம். அந்தத் தட்டில் ஒவ்வொரு மணிக்கோடும் நடுப்பகல் கோட்டிலிருந்து எத்தனை டிகிரி விலகும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு: அட்சரேகையின் சைன் மதிப்பை, மணிக்கோணத்தின் டான் மதிப்பால் பெருக்க வேண்டும், வருவது கோட்டின் கோணத்துக்கான டான் மதிப்பு. மணிக்கோணம் என்பது நடுப்பகலிலிருந்து மணிக்கு 15 டிகிரி.

50 டிகிரி அட்சரேகைக்கு இதைப் போட்டால் 1 மணிக்கோடு 11.6 டிகிரி, 2 மணி 23.9, 3 மணி 37.5, 4 மணி 53, 5 மணி 70.7, 6 மணி 90 என்று வரும். கோடுகள் ஓரளவு சீராகப் பரவியிருக்கின்றன. 11 டிகிரி அட்சரேகைக்குப் போட்டால் 2.9, 6.3, 10.8, 18.3, 35.4, 90. நடுப்பகலுக்கும் 1 மணிக்கும் இடையே 3 டிகிரிகூட இல்லை. 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையே 54 டிகிரிக்கு மேல். 15 செ.மீ. ஆரமுள்ள தட்டின் விளிம்பில்கூட நடுப்பகல் முதல் 1 மணி வரைக்கும் 8 மி.மீ. இடம்தான் கிடைக்கும். முள்ளும் தட்டோடு ஏறக்குறைய ஒட்டிப் படுத்துக்கிடக்கும். கோடுகள் தவறாக இருக்காது, ஆனால் படிக்க முடியாது. குறைந்த அட்சரேகைகளில் இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

ஏற்கெனவே ஓர் அலங்காரக் கடிகாரம் கையில் இருந்தால் அதைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அது எந்த அட்சரேகைக்குச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்ள முள்ளின் சாய்வைப் பாகைமானியால் அளந்தால் போதும். முள் 45 டிகிரி என்றால் அது 45 டிகிரி அட்சரேகைக்கானது. 11 டிகிரி இடத்தில் வைக்க வேண்டுமானால் தட்டின் தெற்கு விளிம்பை 34 டிகிரி உயர்த்த வேண்டும். 25 செ.மீ. விட்டமுள்ள தட்டுக்கு அது 14 செ.மீ. உயரம். ஓர் ஆப்பு செய்து அதன்மேல் வைத்தால் முள் மறுபடியும் பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். தட்டில் உள்ள கோடுகளை மாற்றவே வேண்டாம். முள்ளின் கோணமும் கோடுகளும் வெவ்வேறு அட்சரேகைக்கு வரையப்பட்ட மட்டமான தயாரிப்புகளை மட்டும் எந்த ஆப்பும் காப்பாற்றாது. சோதிக்க எளிய வழி: 3 மணிக்கோட்டின் கோணத்தை அளந்து அதன் டான் மதிப்பைப் பாருங்கள். அது முள்ளின் கோணத்தின் சைன் மதிப்புக்குச் சமமாக இருக்க வேண்டும்.

தட்டைக் கடிகாரத்தை நீங்களே செய்வதானால் முள்ளின் தடிமனை மறக்காதீர்கள். 5 மி.மீ. பலகையில் முள் வெட்டினால் காலையில் நிழலைத் தீர்மானிப்பது ஒரு விளிம்பு, மாலையில் மறு விளிம்பு. ஆகவே காலைக் கோடுகளுக்கும் மாலைக் கோடுகளுக்கும் தனித்தனி மையங்கள் வேண்டும். நடுப்பகலில் 5 மி.மீ. அகலத்துக்கு ஒரு வெற்றிடம் விட வேண்டும். இதைச் செய்யாமல் ஒரே மையத்திலிருந்து வரைந்தவை நாள் முழுதும் பிழையாகவே காட்டும்.

பாதிக் குழாயில் ஒரு கடிகாரம்

எந்த அட்சரேகையிலும், குறிப்பாகப் பூமத்திய ரேகையை ஒட்டிய இடங்களில், நன்றாக வேலை செய்வது பாதி உருளை வடிவம். ஒரு குழாயை நீளவாக்கில் பாதியாக வெட்டி, அதன் அச்சுக்கோட்டில் ஒரு கம்பியை நீட்டி, குழாயின் உட்புறத்தில் நிழலைப் படிப்பது. கம்பி அச்சில் இருப்பதால் மணிக்கோடுகள் அனைத்தும் ஒன்றுக்கொன்று இணை, இடைவெளியும் சமம். சூத்திரமே தேவையில்லை.

உள்விட்டம் 15 செ.மீ., நீளம் 20 செ.மீ. உள்ள பிவிசி குழாய் வசதியான அளவு. உட்புறப் பாதிச் சுற்றளவு 23.56 செ.மீ. அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு மணிக்கு 19.6 மி.மீ., பத்து நிமிடத்துக்கு 3.3 மி.மீ. கிடைக்கும். குழாய்கள் சொன்ன அளவில் துல்லியமாக இருப்பதில்லை. எனவே எண்ணை நம்பாமல், உட்புறத்தில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டிப் பிடித்து, விளிம்பிலிருந்து விளிம்பு வரை அளந்து, அதைப் பன்னிரண்டால் வகுங்கள்.

நீளவாக்கில் வெட்டிய பிவிசி குழாய் தன் வளைவைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். அதனால் இரு முனையிலும் அடைப்புப் பலகை கட்டாயம். 6 மி.மீ. பிளைவுட்டில், குழாயின் உள் ஆரத்துக்குக் கவராயத்தால் ஒரு வட்டம் வரைந்து, மைய ஊசிக்குழியை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப் பாதியை வெட்டும்போது மையத்துக்கு மேலே 1 செ.மீ. உயரம், 2 செ.மீ. அகலத்தில் ஒரு நாக்கு விட்டுவிடுங்கள். கம்பிக்கான துளை அந்த ஊசிக்குழியில்தான் போட வேண்டும். இரண்டு பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பிடித்து ஒரே முறையில் துளையிட்டால் இரு துளைகளும் மாறாது. இந்தத் துளையின் இடம்தான் கருவியிலேயே மிக நுட்பமான விஷயம்: கம்பி பக்கவாட்டில் 1 மி.மீ. விலகினால் நடுப்பகல் 3 நிமிடம் தவறும்.

கம்பிக்குச் சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக் அருமையாகப் பொருந்தும்: 2 மி.மீ. தடிமன், நேராக இருக்கும், துருப்பிடிக்காத எஃகில் கிடைக்கும். வளைந்த முனையை வெட்டிவிடலாம். சமையல் கம்பியோ கட்டுக்கம்பியோ வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத வளைவு அவற்றில் இருக்கும். மேசைமேல் உருட்டிப் பார்த்தால் வளைவு காட்டிக்கொடுத்துவிடும்.

உட்புறத்துக்கு மங்கலான வெள்ளைப் பூச்சு. பளபளப்பான வண்ணம் வளைந்த பரப்பில் ஒளியைக் குவித்துப் பிரகாசமான பட்டைகளை உண்டாக்கும், நிழல் கரைந்துபோகும். எண்களின் வரிசையில் பலர் தடுமாறுவார்கள்: சூரியன் கிழக்கே இருக்கும்போது நிழல் மேற்கே விழும், எனவே காலை 6 மேற்கு விளிம்பில், நடுப்பகல் 12 அடியில், மாலை 6 கிழக்கு விளிம்பில். தாழ்ந்த முனையில் மழைநீர் வெளியேற ஒரு துளை போடுங்கள்.

நீளம் ஏன் 20 செ.மீ. என்றால், முனைப் பலகைகளும் நிழல் போடும். சூரியன் அச்சுக்குச் செங்குத்தான தளத்திலிருந்து ஆண்டுக்குள் இருபுறமும் 23.4 டிகிரி வரை சாய்கிறது. நாக்கோடு சேர்த்து 8.5 செ.மீ. உயரமுள்ள பலகை, அடியில் ஏறக்குறைய 3.7 செ.மீ. வரை நிழல் வீசும். இருபுறமும் அதைக் கழித்தாலும் நடுவே 12 செ.மீ. எப்போதும் வெளிச்சத்தில் இருக்கும்.

கடைசியாகச் சாய்வு. வடக்கு முனை உயர வேண்டும். அடிப்பலகையின் நீளத்தை அட்சரேகையின் சைன் மதிப்பால் பெருக்கினால் உயர்த்த வேண்டிய அளவு வரும். 20 செ.மீ. நீளம், 11 டிகிரி என்றால் 3.8 செ.மீ. கைபேசியின் வரைபடச் செயலியில் உங்கள் இடத்தைத் தொட்டால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரியும். இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், தீர்க்கரேகை பின்னால் தேவைப்படும்.

வடக்கு எங்கே

காந்த ஊசியை இதற்கு நம்பக்கூடாது. காந்த வடக்கும் உண்மை வடக்கும் பல இடங்களில் பல டிகிரி வேறுபடுகின்றன. அதைத் திருத்தினாலும் அருகிலுள்ள கம்பி வேலி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி எல்லாம் ஊசியை இழுக்கும். மொட்டை மாடியில் கைபேசியின் திசைகாட்டியை ஒரு மீட்டர் நகர்த்திப் பார்த்தாலே எண் மாறுவது தெரியும்.

பழைய வழிதான் நல்ல வழி. மட்டமான தரையில் 20 செ.மீ. உயரக் கம்பியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மூலைமட்டத்தை இரண்டு பக்கமிருந்தும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். கம்பியின் அடியை மையமாகக் கொண்டு 12, 16, 20, 25 செ.மீ. ஆரங்களில் வட்டங்கள் போடுங்கள். காலையில் நிழலின் நுனி குறுகிக்கொண்டே வந்து, நடுப்பகல் நிழலைவிடப் பெரிய ஒவ்வொரு வட்டத்தையும் தொடும்; பிற்பகலில் நீண்டுகொண்டே போய் மறுபக்கம் தொடும். இரண்டு இடங்களையும் குறித்து, ஒரே வட்டத்தின் இரண்டு புள்ளிகளை இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். அதற்குச் செங்குத்துக் கோடு வடக்கு தெற்கு. ஒரு வட்டம் போதாதா என்றால், பிற்பகலில் சரியாக அந்த நேரத்துக்கு மேகம் வந்துவிட்டால் அந்த நாளே வீண். நான்கு வட்டங்கள் இருந்தால் குறைந்தது இரண்டு தேறும். நான்கும் தேறினால் நான்கு கோடுகளும் இணையாக இருக்கின்றனவா என்பதே ஒரு சோதனை. காலைக்கும் மாலைக்கும் இடையில் சூரியன் வடக்கு தெற்காகச் சற்று நகர்ந்திருக்கும் என்று ஓர் ஐயம் எழலாம். மார்ச், செப்டம்பர் மாதங்களில்தான் அது அதிகம். அப்போதும் ஆறு மணிநேர இடைவெளிக்கு இதனால் வரும் பிழை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

நிழலின் நுனி மங்கலாக இருப்பதுதான் உண்மையான தொந்தரவு. கம்பியின் உச்சியில் 3 மி.மீ. துளை போட்ட சிறு தகடு ஒன்றை ஒட்டிவிட்டால், நுனிக்குப் பதில் ஓர் ஒளிப்புள்ளி விழும்; அதன் நடுவைக் குறிப்பது எளிது. ஒன்று மட்டும்: வட்டங்களின் மையம் அந்தத் துளைக்கு நேர் கீழே இருக்க வேண்டும். துளை வழியாகத் தூக்குக்குண்டு விட்டு அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

அவசரக்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அன்றைய சூரிய நடுப்பகல் கடிகாரப்படி எத்தனை மணிக்கு என்று கணக்கிட்டு, அந்த நிமிடத்தில் தூக்குக்குண்டு நூலின் நிழலைக் கோடாக வரைந்துவிடலாம். குண்டை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் ஆடாது. ஆனால் வெப்பமண்டலத்தில் இதற்குக் காலம் பார்க்க வேண்டும். சூரியன் உச்சிக்கு அருகில் போகும் நாட்களில் நடுப்பகலை ஒட்டி அதன் திசை மிக வேகமாக மாறும். உச்சியிலிருந்து 2 டிகிரி தள்ளிக் கடக்கும் நாளில் நிமிடத்துக்கு 7 டிகிரி! ஒரு நிமிடம் பிசகினால் கோடு பயனற்றது. அதே 11 டிகிரி இடத்தில் டிசம்பரில் நிமிடத்துக்கு 0.4 டிகிரிதான். அப்போது இந்த முறை நன்றாகவே வேலை செய்யும்.

எது எவ்வளவு பிசகினால் என்ன ஆகும்

உயர் அட்சரேகைகளில் வடக்குத் திசைதான் எல்லாம் என்பார்கள், அது உண்மை. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க நிலைமை தலைகீழாகிறது. கம்பி ஏறக்குறையப் படுத்திருப்பதால், கருவி கிழக்கிலோ மேற்கிலோ ஒரு டிகிரி சரிந்தால் அது கம்பியைச் சுற்றி ஒரு டிகிரி திருகியதற்குச் சமம்: நாள் முழுக்க 4 நிமிடப் பிழை. 15 செ.மீ. அகலத்தில் ஒரு டிகிரி என்பது வெறும் 2.6 மி.மீ. வடக்கைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுதும் செலவழித்துவிட்டு ரசமட்டத்தைக் குறுக்கே வைத்துப் பார்க்காமல் விடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ரசமட்டத்தையும் ஒரு முறை வைத்துவிட்டு, முனை மாற்றித் திருப்பி வைத்தும் பாருங்கள். குமிழி இரண்டு தடவையும் ஒரே இடத்தில் நின்றால்தான் மட்டமே சரி.

கருவியை வைத்த பிறகு பிழை தெரிந்தால், அது எப்போது வருகிறது என்பதைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும், எல்லாப் பருவத்திலும் ஒரே அளவு பிழை என்றால் குறுக்குவாட்டு மட்டம் தவறு, அல்லது தீர்க்கரேகைத் திருத்தத்தில் பிசகு. நடுப்பகலில் சரியாக இருந்து, காலையில் ஒரு பக்கமும் மாலையில் எதிர்ப்பக்கமும் பிழை வந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். அந்தப் பிழை மார்ச், செப்டம்பரில் மறைந்து, ஜூனிலும் டிசம்பரிலும் எதிரெதிராக வந்தால் சாய்வுக் கோணம் தவறு. ஒரு டிகிரிக்கு அதிகபட்சம் 1.7 நிமிடம். எந்தப் பருவத்திலும் மாறாமல் இருந்தால் கம்பி மையத்திலிருந்து மேலோ கீழோ விலகியிருக்கிறது. நடுப்பகல் பிழையே பருவத்தோடு மாறினால் வடக்குத் திசை தவறு. 11 டிகிரி இடத்தில் ஒரு டிகிரித் திசைப்பிழை டிசம்பர் நடுப்பகலில் இரண்டரை நிமிடமாகவும் ஜூனில் எதிர்ப்பக்கம் ஒரு நிமிடமாகவும் தெரியும். இப்படிப் பிரித்தறிய ஆண்டு முழுதும் காத்திருக்க வேண்டும்தான். ஆனால் வாரத்துக்கு ஒரு முறை மூன்று வேளை பிழையைக் குறித்துவைத்தால் போதும், வேறு வேலை இல்லை.

கைக்கடிகாரத்தோடு ஏன் ஒத்துப்போவதில்லை

எல்லாம் சரியாக வைத்த பிறகும் நிழலுக்கும் கைக்கடிகாரத்துக்கும் இடையே அரை மணியோ அதற்கு மேலுமோ வித்தியாசம் வரலாம். அது பிழை அல்ல. இரண்டும் வேறு வேறு நேரங்களைச் சொல்கின்றன, ஒன்றை மற்றொன்றாக மாற்ற இரண்டு திருத்தங்கள் வேண்டும்.

முதலாவது இடம் சார்ந்தது, ஆண்டு முழுதும் மாறாது. ஒரு நேர மண்டலம் முழுவதும் ஒரு குறிப்பிட்ட தீர்க்கரேகையின் நேரத்தையே பின்பற்றுகிறது. அந்தக் கோட்டுக்கு மேற்கே இருக்கும் இடத்துக்குச் சூரியன் ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் தாமதமாக வரும். 82.5 டிகிரி கிழக்கை அடிப்படையாகக் கொண்ட மண்டலத்தில் 78 டிகிரியில் இருக்கும் இடத்துக்கு வித்தியாசம் 4.5 டிகிரி, அதாவது 18 நிமிடம். நிழல் காட்டும் நேரத்தோடு 18 நிமிடம் கூட்ட வேண்டும். கிழக்கே இருந்தால் கழிக்க வேண்டும்.

இரண்டாவது நாள் சார்ந்தது. ஒரு நடுப்பகலிலிருந்து அடுத்த நடுப்பகல் வரை எப்போதும் மிகச் சரியாக 24 மணி நேரம் ஆவதில்லை. பூமி நீள்வட்டத்தில் சுற்றுகிறது. ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்கு அருகில் வரும்போது வேகமாக ஓடுகிறது. அதோடு அதன் அச்சும் 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. முதல் காரணம் ஆண்டுக்கு ஒரு அலையாக ஏறக்குறைய 7.7 நிமிடம் வரையும், இரண்டாவது ஆண்டுக்கு இரண்டு அலைகளாக 9.9 நிமிடம் வரையும் ஏற்ற இறக்கம் தருகின்றன. இரண்டும் சேர்ந்ததே நேரச் சமன்பாடு. பிப்ரவரி 11 வாக்கில் நிழல் 14 நிமிடம் பின்தங்கும். ஏப்ரல் 15இல் சமம். மே 14இல் கிட்டத்தட்ட 4 நிமிடம் முந்தும். ஜூன் 13இல் மீண்டும் சமம், ஜூலை 26இல் ஆறரை நிமிடம் பின்தங்கல், செப்டம்பர் 1இல் சமம். நவம்பர் 3 வாக்கில் 16 நிமிடத்துக்குச் சற்று மேல் முந்தும். கிறிஸ்துமஸ் அன்று மறுபடி சமம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மேலே சொன்ன 78 டிகிரி இடத்தில் பிப்ரவரி 11 அன்று சூரிய நடுப்பகல் கடிகாரப்படி 12.32. நவம்பர் 3 அன்று 12.02. ஒரே இடம், இரண்டு தேதிகள், அரை மணி வித்தியாசம். இந்தக் கணக்கு தெரியாதவர்தான் கருவியைத் திருகித் திருகிக் கடிகாரத்தோடு பொருத்தப் பார்த்துக் கெடுத்துவிடுவார். கருவியைத் தொடாதீர்கள்; திருத்த அட்டவணையை அதன் பக்கத்தில் ஒட்டுங்கள். இயந்திரக் கடிகாரங்கள் பரவிய பின்னும் நெடுங்காலம் அவற்றைச் சரிசெய்யச் சூரியக் கடிகாரத்தைத்தான் பார்த்தார்கள், இதே அட்டவணையின் துணையோடு.

துல்லியம் எங்கே நிற்கும்

கருவியைப் பெரிதாக்கினால் துல்லியமும் கூடிக்கொண்டே போகும் என்று தோன்றும். சூரியன் ஒரு புள்ளியாக இருந்தால் அது சரி. வானத்தில் அதன் வட்டு அரை டிகிரிக்குச் சற்று அதிகம். அந்த அகலத்தைக் கடக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே ஒவ்வொரு நிழல் விளிம்பிலும் ஓர் அரைநிழல் பட்டை இருக்கும். தூரத்தை 107ஆல் வகுத்தால் அதன் அகலம். 7.5 செ.மீ. தூரத்தில் 0.7 மி.மீ. கம்பி அதைவிட மெல்லியதாக இருந்தால் கருநிழலே விழாது, சாம்பல் கோடு மட்டும் விழும். 2 மி.மீ. ஸ்போக்குக்கு நடுவில் 1.3 மி.மீ. கருப்பு மிஞ்சும், அதன் மத்தியைப் பார்த்துப் படித்தால் ஒரு நிமிடத் துல்லியம் கைகூடும்.

ஜெய்ப்பூரில் 1730களில் எழுந்த சாம்ராட் யந்திரம் என்ற பெரிய சூரியக் கடிகாரத்தின் முக்கோணச் சுவர் 27 மீட்டர் உயரம். அதன் நிழல் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மி.மீ. நகரும், 2 வினாடி வரை அளவுகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அதே 107 கணக்கு அதற்கும் உண்டு: 15 மீட்டர் தூரத்தில் அரைநிழல் 14 செ.மீ. அகலம். அங்கே சிக்கல் நிழல் எங்கே முடிகிறது என்று தீர்மானிப்பது. நிழலை விட்டுவிட்டு ஒளியைப் பயன்படுத்தியவர்கள் இதைத் தாண்டினார்கள். இத்தாலியின் போலோனியா நகரில் உள்ள சான் பெட்ரோனியோ தேவாலயத்தில் 1655இல் வானியலாளர் காசினி அமைத்த நடுப்பகல் கோட்டில், 27 மீட்டர் உயரத் துளை வழியாகச் சூரியனின் பிம்பமே தரையில் விழுகிறது. வட்டமான பிம்பத்தின் இரு விளிம்புகளும் கோட்டைத் தொடும் நேரங்களைக் குறித்து நடுவை எடுத்தால் சில வினாடிகளுக்குள் நடுப்பகல் கிடைக்கும்.

நம் பாதிக் குழாய்க்கு அந்த நுட்பம் தேவையில்லை. ஆனால் ஒரு சிறு பாசிமணி சேர்த்தால் அதுவே நாட்காட்டியாகிவிடும். 5 மி.மீ. மணி ஒன்றைக் கம்பியில் கோத்து, நடு நீளத்தில் ஒட்டுங்கள். மார்ச், செப்டம்பர் சமஇரவு நாட்களில் மணியின் நிழல் அதன் நேர் எதிரே விழும். ஜூன் 21இல் தெற்கு முனைப் பக்கமாக 3.25 செ.மீ. தள்ளி, டிசம்பர் 21இல் வடக்கு முனைப் பக்கம் அதே தூரம். மார்ச் இறுதியில் ஒரே நாளில் நிழல் அரை மி.மீ. நகரும், ஜூன் 21ஐ ஒட்டி அதே அரை மி.மீ. நகரப் பத்து நாளாகும்.

மணி இருந்தால் திருத்த அட்டவணையையும் குழாய்க்குள்ளேயே வரைந்துவிடலாம். முதலில் தீர்க்கரேகைத் திருத்தம்: 18 நிமிடம் என்பது சுற்றுவாக்கில் 5.9 மி.மீ. அளவுப் பட்டை முழுவதையும் அவ்வளவு மேற்கே தள்ளி ஒட்டினால் அந்தத் திருத்தம் நிரந்தரமாக முடிந்தது. பிறகு 12 மணிக்கோட்டின் மேல், ஒவ்வொரு பத்து நாளுக்கும் ஒரு புள்ளி: நீளவாக்கில் அன்றைய சூரியச் சாய்வின் (அச்சுக்குச் செங்குத்தான தளத்திலிருந்து சூரியன் விலகும் கோணத்தின்) டான் மதிப்பை 7.5 செ.மீ. ஆல் பெருக்கிய தூரம், குறுக்கே நேரச் சமன்பாட்டின் ஒரு நிமிடத்துக்கு 0.33 மி.மீ. நிழல் முந்தும் நாட்களின் புள்ளிகள் கிழக்கே, பின்தங்கும் நாட்களின் புள்ளிகள் மேற்கே. நவம்பர் 3 புள்ளி வடக்குப் பக்கம் 2 செ.மீ., கிழக்கே 5.4 மி.மீ. பிப்ரவரி 11 புள்ளி அதே பக்கம் 1.9 செ.மீ., மேற்கே 4.7 மி.மீ. எல்லாப் புள்ளிகளையும் தேதி வரிசையில் இணைத்தால் ஒல்லியான 8 வடிவம் ஒன்று வரும். அதன் ஒரு பாதியைச் சிவப்பிலும் மறு பாதியை நீலத்திலும் வரையுங்கள். டிசம்பர் 21 முதல் ஜூன் 21 வரை சிவப்பு, மீதிக்கு நீலம். அன்றைக்குரிய நிறக் கோட்டை மணியின் நிழல் கடக்கும் கணத்தில் கைக்கடிகாரம் 12.00 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குறுக்கே ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.